கோச் டாகெட்டின் வெற்றுத் தாள்கள்

அன்று மாலை நாலு மணிக்கு நிர்வாகக் கூட்ட அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் யோடர், கல்லூரித் தலைவர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி.

அறங்காவலர்கள் மூன்று பேர். ஒருவர் கோதுமை விவசாயி, ஒருவர் பல் டாக்டர், ஒருவர் டிராக்டர் விற்கிறவர். சனிக்கிழமை ஆட்டங்களுக்கு மூவருக்கும் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே நாற்காலி உண்டு.

கல்லூரி அணிகளின் லீக் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண். முன்னால் ஒரு பழுப்பு உறை.

டார்லா வீப், பதிவாளர் அலுவலகம். வரும்போதே கண் சிவந்திருந்தது.

ஜவாரி லோக், பத்தொன்பது வயது. பந்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓடுகிறவன். அந்த வருஷம் இந்தப் பகுதியில் அவனைப் பிடித்து நிறுத்தியவர்கள் குறைவு.

ராண்டல் டாகெட், இருபத்திரண்டு வருஷமாக இங்கே கோச். தலைக்கவசம் போட்டு ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால்.

கதவோரம் நான், டெரல் மிம்ஸ், இரவுக் காவல். அன்று பகலிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். புகார் எழுதியவன் நான்தான் என்று அந்த அறையில் லீக் பெண்ணுக்கு மட்டும் தெரியும்.

எங்களுடையது இரண்டு வருஷக் கல்லூரி. கான்சஸின் மேற்கு மூலையில், பார்லோ என்கிற ஊரில், தானியக் கிடங்குக்கும் மாட்டிறைச்சி ஆலைக்கும் நடுவில் இருக்கிறது. நாலு வருஷப் பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று தள்ளிய பையன்கள் இங்கே வருவார்கள். மார்க் போதாதவன், போலீஸில் மாட்டியவன், பெரிய இடத்தில் கோச்சோடு கைகலந்துவிட்டு வந்தவன். இரண்டு சீசன் ஆடலாம். அதற்குள் ஏதாவது பல்கலைக்கழகம் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

டாகெட் வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் ஒரே வசனத்தைத்தான் சொல்வார். "உங்க பையனை அந்த ஊர்லேருந்து வெளிய அனுப்புறதுதான் என் வேலை, மேடம்." என் அம்மாவிடமும் சொன்னார். தெற்கு ஜார்ஜியாவில், எங்கள் சமையலறையில், அம்மா வைத்த வறுத்த கோழியில் இரண்டாவது துண்டைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

ஆகஸ்ட் முதல் நாள் தலைக்கவசம் வாங்க வரிசையில் நிற்போம். மேசையில் கவசங்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் தாள் இருக்கும். பாடத்திலிருந்து விலகும் படிவம். பெயர், பாடம், தேதி எல்லாம் காலி. அடியில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும், ஆளுக்கு மூன்று தாள்.

"போடு தம்பி," என்பார் டாகெட். "அக்டோபர்ல கணக்குல மண்ணைக் கவ்விட்டு வந்து நிப்ப. அப்ப உன்னைத் தேடிக் கண்டுபுடிச்சுக் கையெழுத்து வாங்க எனக்கு நேரம் இருக்காது."

போட்டால்தான் கவசம். எல்லோரும் போட்டோம். எனக்குப் பின்னால் நின்றவன், "நாவல் எழுதுறியா மச்சான்? நகருடா," என்று முதுகில் குத்தினான். நான் படித்துப் பார்க்கவில்லை.

இந்தத் தாளுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்ல வேண்டும். ஆடுகிறவன் நாலு பாடத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். நாலு மூன்றானால் அந்த நிமிடத்திலிருந்து அவன் களத்தில் இறங்கக் கூடாது. இறங்கினால் ஜெயித்த ஆட்டமும் தோற்றதாக எழுதப்படும். ஆகவே டாகெட்டின் மேசை இழுப்பறையில் கிடந்த அந்தத் தாள்களால் ஒருவனைத் தோல்வி மார்க்கிலிருந்து காப்பாற்றவும் முடியும், ஒருவனை ஒழித்துக்கட்டவும் முடியும்.

என் இரண்டாவது வருஷம் அக்டோபரில் எனக்குத் தொடைத் தசை கிழிந்தது. நான் கார்னர். எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவன் நிழலைப்போல ஒட்டிக்கொண்டே ஓடுகிற வேலை. தொடை இல்லாமல் முடியாது. ஆறு வாரத்தில் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். மிசூரியில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு ஏற்கெனவே இரண்டு கடிதம் போட்டிருந்தது.

அப்போது லீக்கில் ஒரு விதி உண்டு. வெளி மாநிலப் பையன்கள் ஓர் அணியில் இருபது பேருக்கு மேல் கூடாது. அந்த இருபதில் நான் ஒருவன். ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய அணியிலிருந்து விரட்டப்பட்ட ஒருவன் ஜனவரியில் வரத் தயாராக இருந்தான்.

நவம்பரில் என் பாடங்கள் மூன்றாகிவிட்டன. உயிரியல் பட்டியலில் இல்லை.

"வாத்தியார் நீக்கியிருப்பார்," என்றார் டாகெட். "நொண்டிக்கிட்டுத் திரிஞ்சியே, வகுப்புக்கு ஒழுங்காப் போனியா?"

மூன்று வகுப்புக்குப் போகவில்லை. ஆகவே நம்பினேன். ஜனவரியில் அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை, ஃப்ளோரிடாக்காரன் என் கட்டிலில் படுத்தான். மூன்றாவது கடிதம் வரவில்லை. ஊருக்குப் போய் அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் இறைச்சி ஆலையில் சேர்ந்தேன். தோல் உரிக்கிற பிரிவு, இரவு ஷிஃப்ட், நாலு வருஷம். எவ்வளவு குளித்தாலும் அந்த நாற்றம் காதுமடலுக்குப் பின்னால் தங்கிவிடும்.

அதன்பின் மறுபடி படிக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. பழைய மதிப்பெண் பட்டியல் கேட்டு டார்லாவிடம் போனேன். அவர் கோப்பைப் பிரித்து எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுத்தார். நடுவில் அந்தத் தாள் இருந்தது. 'உயிரியல்' என்று டாகெட்டின் சாய்ந்த எழுத்து. தேதியும் அவர் எழுத்து. அடியில் என் கையெழுத்து.

"இதை நான் குடுக்கலையே, மிஸ் டார்லா."

"கையெழுத்து உன்னோடதுதானே, கண்ணு?"

"என்னோடதுதான்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பை மூடினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் படிக்கச் சேரவில்லை. அந்த வாரமே கல்லூரியில் இரவுக் காவல் வேலைக்கு மனுப் போட்டேன். கிழவன் எல்மர் ஓய்வு பெறப் போகிற நேரம். வேலையை ஒப்படைக்கும்போது ஒரு விஷயம் சொன்னான். பதிவாளர் அலுவலகத்து வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அதில் கிடக்கும் தாள்களை எடுத்து, தேதி முத்திரை குத்தி, டார்லாவின் மேசையில் வைக்க வேண்டும். முத்திரையில் என்ன தேதியோ அதுதான் தாளின் தேதி.

"டாகெட் தாளுக்கு மட்டும் முத்திரை கெடையாது," என்றான் எல்மர். "ஏன்னு கேக்காத. நான் கேக்கல, பதினாலு வருஷம் நிம்மதியா ஓட்டிட்டேன்."

முத்திரை இல்லாத தாளுக்கு டார்லா கணினியில் ஏற்றுகிற நாள்தான் நாள். டாகெட்டுக்கு வசதியான நாளில் ஏற்றுவார். அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு வருஷம் நான் எல்மர் சொன்னபடியே செய்தேன். முப்பத்தோரு தாள் முத்திரை இல்லாமல் என் கையைக் கடந்து போனது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. சீசன் முடிந்தபின் வந்தவை, ஆடாத பையன்களுடையவை. காத்திருந்தேன்.

மூன்றாவது வருஷம் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. காலை ஆறரை. டாகெட் பயணப் பையோடு வந்தார். அன்றே அணி வெளியூருக்குப் புறப்படுகிறது, சனிக்கிழமை ஆட்டம்.

"தம்பி, இதைப் பெட்டியில போட்டுரு. டார்லா இன்னும் வரல."

வாங்கினேன். ஜவாரி லோக், அல்ஜீப்ரா.

"நீ நம்ம பையன்தானே?" என்றார் திடீரென்று. "இங்க ஆடியிருக்கல்ல?"

"ஆமா கோச்."

"எந்த இடம்? சேஃப்டியா?"

"கார்னர்."

"நல்லது, நல்லது. உடம்பு விடாம வச்சிருக்க." என் தோளில் தட்டிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே போனார்.

நான் அந்தத் தாளோடு நின்றேன். ஜவாரிக்குச் சரியாக நாலு பாடம். அல்ஜீப்ராவில் தோற்றால் எந்தப் பல்கலைக்கழகமும் அவனை எடுக்காது. விலகக் கடைசி நாள் திங்கள். அதை ஈடுகட்ட முதலுதவிப் பாடம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். அது திங்கட்கிழமைதான் தொடங்குகிறது, தொடங்கும்வரை கணக்கில் வராது. நடுவில் சனிக்கிழமை. அந்த ஒரு சனிக்கிழமை அவன் மூன்று பாடக்காரன். திங்களன்று டார்லா இரண்டையும் ஒன்றாக ஏற்றுவார், பள்ளம் தெரியாது. டாகெட் முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பதினாறு வருஷமாக யாரும் குத்தியதில்லை.

குத்தினேன். நன்றாக அழுத்திக் குத்தினேன். நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை டார்லாவின் மேசையில் மற்ற தாள்களுக்கு நடுவில் வைத்தேன். அவர் கவனிக்க மாட்டார் என்று தெரியும். டாகெட்டின் தாளில் அவர் பெயரையும் பாடத்தையும் மட்டும்தான் பார்ப்பார். அப்படித்தான் ஆயிற்று. திங்களன்று ஏற்றி, கோப்பில் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை ஆட்டத்தை ரேடியோவில் கேட்டேன். ஜவாரி மூன்று முறை பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினான். இரண்டு புள்ளியில் ஜெயித்தோம்.

அன்றே நான் லீக்குக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு ஆட்டம் போனால் டாகெட்டுக்கு ஒரு ஆட்டம்தான் போகும். அணி ஜெயித்துக்கொண்டே போகட்டும் என்று விட்டேன். ஒன்பது ஆட்டம் ஜெயித்து லீக் பட்டம் வாங்கினார்கள். டிசம்பரில் டெக்சஸில் பெரிய ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. நவம்பர் கடைசியில், தேவாலயத்து அடித்தளத்தில் ஊர்க்காரர்கள் வைத்த விருந்தில், மாட்டிறைச்சிச் சில்லிக் குழம்புக் கிண்ணத்தையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு டாகெட் எழுந்து நின்றார். ஓக்லஹோமாவில் ஒரு நாலு வருஷப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டிருக்கிறது என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஐம்பத்தெட்டு வயது ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊரே எழுந்து கை தட்டியது. நாற்காலிகளை அடுக்க வந்திருந்த நானும் தட்டினேன்.

மறுநாள் உறையைத் தபாலில் சேர்த்தேன். உள்ளே இரண்டு நகல், ஜவாரியுடையது ஒன்று, என்னுடையது ஒன்று.

கூட்டத்தில் லீக் பெண் முதலில் ஜவாரியின் தாளை மேசையில் வைத்தாள்.

"இந்த முத்திரை வியாழன். புதுப் பாடம் தொடங்கினது திங்கள். சனிக்கிழமை இவர் ஆடியிருக்கார்."

டாகெட் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எப்படி முத்திரை வந்துச்சு?" என்றார். ஜவாரியை ஏன் ஆடவைத்தார் என்று சொல்லாமல் இதைக் கேட்டார். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தாளை நிரப்பினது யாரு?"

"நான்தான். பையன் கையெழுத்துப் போட்டிருக்கான்."

"எப்ப போட்டீங்க, ஜவாரி?"

ஜவாரி கோச்சைப் பார்த்தான். அப்புறம் மேசையைப் பார்த்தான். "ஆகஸ்ட்ல, மேடம். ஹெல்மெட் வாங்குறப்ப. எல்லாரும்தான் போட்டோம்."

"காலித் தாள்லயா?"

"ஆமா, மேடம்."

டாக்டர் யோடர் ஒருவரை அனுப்பி இழுப்பறையிலிருந்த கட்டைக் கொண்டுவரச் சொன்னார். நூற்று அறுபது தாளுக்கு மேல் இருந்தது. விவசாயி இரண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடக் கடவுளே, ராண்டி," என்றார்.

அப்போதுதான் டாகெட் எழுந்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல நூத்தி நாப்பது பசங்களை மேல அனுப்பியிருக்கேன். ஜெயிலுக்குப் போக வேண்டிய பசங்க. உங்கள்ல எவனாவது அவனுங்க வீட்டு வாசப்படி மிதிச்சிருக்கீங்களா? இந்தத் தாள் இல்லேன்னா பாதிப் பேர் கணக்குலயும் இங்கிலீஷ்லயும் செத்துப்போயிருப்பான். காப்பாத்துறதுக்குத்தான் வச்சிருந்தேன். ஒருத்தனைக் கெடுக்க ஒரு தாள் எடுத்ததில்ல."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் தவிர எல்லாம் உண்மை. லீக் பெண் இரண்டாவது நகலை எடுத்தாள்.

"டெரல் மிம்ஸ். உயிரியல். இவர் யாரு?"

டாகெட் நெற்றியைச் சுருக்கினார். "ஞாபகம் இல்ல. ஆயிரம் பேர் வந்துபோயிருக்கான்."

"நான்தான், கோச்," என்றேன் கதவோரத்திலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். நான் சொல்ல வேண்டியதை மூன்று வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். சொன்னேன். தொடை, மிசூரி, ஃப்ளோரிடாக்காரன், இருபது பேர், கடைசியில் நான் குத்திய முத்திரை, நான் அனுப்பிய உறை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. டார்லா கைக்குட்டைக்குள் அழுதுகொண்டே, "உண்மைதான், அவன் குடுக்கல. கோச்தான் கொண்டுவந்தார்," என்றார்.

டாகெட் என்னை உற்றுப் பார்த்தார். நிஜமாகவே தேடினார், முகத்தில் தெரிந்தது. கிடைக்கவில்லை. அடிவாங்கியதுபோல உட்கார்ந்திருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்த பார்வை, வழி கேட்டவனைப் பார்க்கிற பார்வை.

பத்து நிமிஷத்தில் முடிந்தது. அந்தச் சனிக்கிழமை ஆட்டம் தோல்வி. பட்டம் இரண்டாவது இடத்து அணிக்கு. டெக்சஸ் ஆட்டம் கிடையாது. டாகெட் அந்த நிமிடத்திலிருந்து வேலையில் இல்லை. ஓக்லஹோமாவுக்கு டாக்டர் யோடரே போன் பண்ணுவார்.

நடைபாதையில் ஜவாரி என் சட்டையைப் பிடித்தான். பிடிக்கிற கை பலமான கை.

"அந்தத் தாள் உன் கையில இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணே? சனிக்கிழமை நான் ஆடாம உக்காந்திருப்பேன்."

"சொல்லியிருக்கலாம்."

"அறுபது பேரு டெக்சஸ் போறதுக்குப் பை கட்டி வச்சிருக்கான். எனக்கு ஒண்ணுமில்ல, என்னை ஒரு பல்கலைக்கழகம் எடுத்துக்கிச்சு. மத்தவன்லாம் அந்த ஒரு ஆட்டத்துல யாராவது பாக்க மாட்டானான்னு இருந்தான். உன்னை மாதிரிப் பசங்கதான் அவனுங்களும்."

"தெரியும்."

"தெரிஞ்சா பண்ணின?"

"தெரிஞ்சுதான்."

அவன் சட்டையை விட்டான். துப்புவான் என்று நினைத்தேன். துப்பவில்லை. "அந்தாளே தேவலை," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோச்சின் அறையைக் காலிசெய்ய ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது கல்லூரி விதி. காவல்காரன் நான்தானே. சொந்தப் பொருள் மட்டும், கல்லூரிச் சொத்து ஒரு காகிதம்கூட வெளியே போகக் கூடாது என்றார் டாக்டர் யோடர், யாரையும் பார்க்காமல்.

மைதானத்து ஓரக் கட்டடம். வெளியே கோதுமை வயல் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. டாகெட் ஒரு அட்டைப்பெட்டியில் மனைவி படம், இரண்டு தொப்பி, வயிற்று மாத்திரை, ஒரு ஜோடி ஷூ எல்லாவற்றையும் போட்டார். கடைசியில் மேசையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"அது என்ன, கோச்?"

"போன் நம்பர். பல்கலைக்கழகத்துக் கோச்சுங்க நம்பர். எந்தப் பையனுக்கு எவன் பேசினான், என்ன பேசினான், எல்லாம் இதுலதான்."

"கல்லூரி நோட்டு. முத்திரை இருக்கு அட்டையில."

"எழுத்து என்னோடது, தம்பி."

"இருக்கலாம்."

அவர் நோட்டைப் பெட்டியிலிருந்து மறுபடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அடுத்த புதன்கிழமை பல்கலைக்கழகங்கள் பசங்களை எடுத்துக் கையெழுத்து வாங்குற நாள். பதினொரு பசங்களுக்கு இன்னும் இடம் கெடைக்கல. வீட்டுல உக்காந்து நானே போன் பண்ணுறேன். சம்பளம் கேக்கல, பேர் கேக்கல. புதுசா வர்றவனுக்கு இவனுங்க முகமே தெரியாது. இந்த நோட்டு இல்லேன்னா எனக்கு எவன் நம்பரும் தெரியாது." நோட்டின் அட்டையைத் தடவினார். "என்னைப் புதைச்சிட்ட. சரி, அது உனக்கும் எனக்கும். இவனுங்க உனக்கு என்ன பண்ணினானுங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப இதைக் கொண்டுபோக விடு."

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. ஓக்லஹோமா வேலை கைவிட்டுப் போனபோதுகூட இல்லாத கெஞ்சல். இந்த மூன்று வருஷத்தில் நான் இவரிடமிருந்து வாங்க நினைத்தது இதைத்தான் என்று அப்போது தெரிந்தது. விட்டுவிட்டால் நாளைக் காலை வீட்டில் உட்கார்ந்து காபியோடு போன் பண்ண ஆரம்பிப்பார். பதினொரு பேரில் நாலு பேரையாவது மேலே அனுப்பிவிடுவார். அந்த நாலு பேரின் அம்மாக்கள் அவர் பெயரைச் சொல்லிக் கும்பிடுவார்கள். வேலை இல்லாவிட்டாலும் அவர் கோச்சாகவே இருப்பார்.

நோட்டை அவர் கையிலிருந்து எடுத்தேன். இழுக்க வேண்டியிருக்கவில்லை. மேசைமேல் வைத்தேன்.

"உள்ள கெடக்கட்டும். புதுசா வர்றவர் பாத்துப்பார்."

"எப்ப வருவான்? பிப்ரவரியிலயா?"

"தெரியல, கோச்."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். படியில் இறங்காமல் நின்று திரும்பி, இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.